சாவித் துளையை அடைத்த குளவி

போன வாரம் ஒரு பூச்சி என்னைக் கொட்டியது. தேதி, கிழமை, மணி மூன்றும் என்னிடம் இருக்கின்றன. உங்களை அலுப்பூட்ட வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

குளித்துவிட்டுக் கொடியில் கிடந்த துண்டை எடுத்துப் பிடரியைத் துடைத்தேன். அடுப்பிலிருந்து நெருப்புக் கங்கு ஒன்றை எடுத்து யாரோ அழுத்தியது போல இருந்தது. துண்டை உதறினேன். தரையில் விழுந்தது அது. மை போலக் கருநீலம். ஜன்னல் வெயில் பட்ட இடத்தில் மயில் கழுத்தின் பளபளப்பு. இடுப்பு என்று சொல்ல ஒரு நூல்தான் இருந்தது. அந்த நூலுக்கு முன்னால் ஒரு உடம்பு, பின்னால் ஒரு உடம்பு. இத்தனை வயதுக்கு உத்திரமேரூரில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

சத்தம் கேட்டு வந்த என் மனைவி செருப்பைக் கையில் எடுத்துவிட்டாள்.

"அடிக்காத, அடிக்காத. இன்னா பூச்சின்னு தெரியணும்."

"கொட்டிட்டு போனதோட பேரு தெரிஞ்சா வலி பூடுமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் நான் அப்படிப்பட்ட ஆள். எனக்கு நடந்த எதற்கும் தேதியும் பெயரும் கிடைக்காவிட்டால் அது சரியாக நடந்து முடியவில்லை என்று தோன்றும். எங்கள் தெருவில் முதன்முதலாகக் குழாயில் தண்ணீர் வந்த நாள், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த வருஷங்கள், பேருந்து நிலையத்துப் புளியமரம் வெட்டப்பட்ட நாள் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் வந்து கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

பூச்சியைக் காலி ஊறுகாய் பாட்டிலுக்குள் தள்ளி, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, கைபேசியில் படம் பிடித்து எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களின் குழுவுக்கு அனுப்பினேன். முதலில் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் வந்தன. அவை பூச்சிக்கான பதில் அல்ல, அந்த நண்பர் எதற்கும் அதைத்தான் அனுப்புவார். அடுத்தவர், இது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, கொட்டினால் மூன்று நாள் தாங்காது என்றார். மூன்றாமவர், இது தேனீதான், கொட்டினால் மூட்டுவலி போகும், இன்னும் இருந்தால் எனக்கும் அனுப்பு என்றார். குழுவில் ஒருவருடைய மகள் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித் தருகிறாள். அவளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் எழுதினார். அந்தக் குழுவில் அறிவு வரும் வழி பெரும்பாலும் பிள்ளைகள் மூலமாகத்தான்.

இதற்குள் என் மனைவி கட்டை விரலில் சுண்ணாம்பைத் தொட்டு வந்து பிடரியில் அப்பினாள். ஈரச் சுண்ணாம்புக்கு ஒரு வாசனை உண்டு. வெள்ளையடித்த அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தால் வருமே, அது. ஆனால் எனக்கு அது சுவரின் வாசனை அல்ல. எனக்கு அது மாகறல் அத்தையின் ஆள்காட்டி விரல். அந்த விரல் நினைவுக்கு வந்ததும், இந்த நீலப் பூச்சியை நான் முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறேன் என்பதும் நினைவுக்கு வந்துவிட்டது.

மாகறல் அத்தை என் அப்பாவின் அக்கா. வெற்றிலை போடுகிறவர். அதனால் அந்த விரல் நுனியில் எப்போதும் சுண்ணாம்பு இருக்கும். பேசும்போது அதை நீட்டித்தான் பேசுவார். எங்கள் அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். ஏரிக்குக் கீழே எங்களுக்கு இருந்த நெல் வயலை அதற்குப் பிறகு பார்த்துக்கொண்டது அத்தை வீட்டார்தான். நாற்று விடுவதும் ஆள் விடுவதும் அறுப்பதும் அவர்கள். மூட்டை வந்து இறங்கும்போது வாங்கிக்கொள்வது நாங்கள். ஆகவே அத்தை நீட்டிய விரலுக்கு எதிராக எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. அம்மா பேசியதே இல்லை.

நான் அப்போது காஞ்சிபுரத்தில் ஓர் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக எழுத்தர். நாற்காலியும் தற்காலிகம்தான், யாராவது பெரியவர் வந்தால் அது போய்விடும். அண்ணன் உள்ளூர் அரிசி ஆலையில் கணக்கு எழுதினான். அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிச் சில வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. இந்த ஒரு வாக்கியத்தை நான் இங்கே எழுதிவிட்டுக் கடந்து போகிறேன். அண்ணியால் அதைக் கடக்க முடியவில்லை. கடைக்குப் போனால் ஒருவர் கேட்பார், கிணற்றடியில் ஒருவர் கேட்பார், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒருவர் ஊர், பெயருக்கு அடுத்தபடியாக அதைத்தான் கேட்பார். மாகறல் அத்தை கேட்கவே மாட்டார். மாகறலிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைந்து, கையிலிருக்கிற பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் அண்ணியின் வயிற்றை ஒரு பார்வை பார்ப்பார். பிறகுதான் பை தரைக்கு வரும்.

ஒரு நாள் பை தரைக்கு வந்ததும் விஷயமும் வந்தது. ஓரிக்கையில் ஒரு பெண் இருக்கிறது. அத்தைக்குத் தூரத்து உறவு.

"இவள யாரு தொரத்துனா? இவளும் ஒரு பக்கம் இருந்துட்டு போவட்டும். ஆனா வம்சம்னு ஒண்ணு கீது இல்ல?"

இவளும் இருந்துவிட்டுப் போகட்டும் என்பதற்கு என்ன பொருள் என்று எங்களுக்குத் தெரியும். அடுத்த தெருவில் அப்படி ஒருத்தி இருந்துவிட்டுப் போனவள்தான். ஒரு மாதம் சமையல்கட்டில் இருந்தாள், பிறகு மாட்டுக் கொட்டகையில் இருந்தாள், பிறகு அவள் அண்ணன் வந்து பெட்டியோடு அழைத்துப் போனார்.

என் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்லவன். இந்தப் பேச்சு எடுத்ததும் சைக்கிளுக்குக் காற்று அடிக்கப் போய்விடுவான். அந்த வருஷத்தில் எங்கள் வீட்டுச் சைக்கிளுக்குக் கிடைத்த காற்று ஒரு லாரிக்குக் கிடைத்திருக்காது.

அம்மா? அம்மாதான் எல்லாரையும்விடச் சத்தமாக இருந்தாள். "என் தலையெய்த்து, பேரப்புள்ள மூஞ்சி பாக்காமயே பூடுவேன்" என்று அத்தைக்கு முன்னால் மாரில் அடித்துக்கொள்வாள். அத்தை இல்லாத நாட்களில் அண்ணியைத் திட்டுவாள். குழம்பில் உப்புக்கு ஒரு திட்டு, நடையில் சத்தம் வந்தால் ஒரு திட்டு, சத்தம் வராவிட்டால் பூனை மாதிரி நடக்கிறாளே என்று ஒரு திட்டு. அண்ணி வாயை மூடிக்கொண்டிருக்கிறவர் அல்ல. "ஒரே மாசத்துல உப்பு ஜாஸ்தி, உப்பு கம்மி ரெண்டும் சொல்லிட்டீங்க, அத்தே. எதுனா ஒண்ணு முடிவு பண்ணுங்க" என்பார். வெளியிலிருந்து பார்த்தால் அண்ணிக்கு அந்த வீட்டில் ஆதரவென்று ஒருவரும் இல்லை. உள்ளே இருந்து பார்த்த எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

ஓரிக்கைக்காரர்கள் பையனின் ஜாதகம் கேட்டிருந்தார்கள். ஐப்பசியில் ஒரு மழை விட்ட நாளில் அதை வாங்கிப் போக அத்தை வந்தார். ஜாதகம் இருந்தது கூடத்து மரப் பீரோவில். பர்மா தேக்கு என்று அப்பா சொல்வாராம். அதன் பூட்டு கதவுக்குள்ளேயே பதித்தது, பித்தளைத் தகட்டுக்கு நடுவே பெரிய சாவித் துளை. அதற்குள் எங்கள் வீட்டின் முக்கியமானவை எல்லாம் இருந்தன. பட்டா, ஜாதகங்கள், அம்மாவின் ஒரே பட்டுப்புடவை, அப்பாவின் மூக்குக் கண்ணாடி.

அம்மா சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். அத்தை பீரோவுக்கு முன்னால் நின்றார். சாவித் துளையைச் சுற்றி ஒரு நீலப் பூச்சி எட்டிப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாக இருந்தது. அத்தை அதைச் "சீ" என்று விரலால் தள்ளினார். சுண்ணாம்பு விரல். அடுத்த கணம் அவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் துண்டோடு ஓடி வந்துவிட்டார்.

சுண்ணாம்பு இருந்த விரலிலேயே மேலும் சுண்ணாம்பு வைத்தோம். வேறு வைத்தியம் யாருக்கும் தெரியவில்லை. விரல் வீங்கி, மோதிரம் இறுகி, சோப்பு போட்டுக் கழற்றவேண்டி வந்தது. ஜாதகத்தைக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அத்தை படுத்துவிட்டார்.

காலையில் அம்மாவின் குரல் கேட்டுத்தான் எல்லாரும் எழுந்தோம்.

"ஐயோ, இந்தச் சனியன் புடிச்ச கொளவி பண்ணி வச்சிருக்கற வேலையப் பாருங்க, அக்கா!"

பீரோவின் சாவித் துளை அடைபட்டிருந்தது. நெல்லிக்காய் அளவுக்கு ஒரு மண் உருண்டை, இன்னும் ஈரம் காயாமல், பித்தளைத் தகட்டின் மேல் உட்கார்ந்திருந்தது.

நண்பரே, நீங்கள் பட்டணத்துக்காரராக இருந்தால் இதில் என்ன பெரிய விஷயம், ஒரு குச்சியால் நோண்டிவிட்டுச் சாவியைப் போட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் அது முடியாது. வீட்டுக்குள் குளவி மண்ணால் கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரப்போகிறது என்று பொருள். குளவி தானாகக் குடி கிளம்பும்வரை கூட்டில் யாரும் கை வைக்கக்கூடாது. வைத்தால் வருகிற குழந்தை வராது. உருண்டையாகக் கட்டினால் ஆண், நீளமாகக் கட்டினால் பெண் என்று ஒரு கட்சி உண்டு, அப்படியே தலைகீழாகச் சொல்கிற கட்சியும் உண்டு. ஆனால் உடைக்கக்கூடாது என்பதில் இரண்டு கட்சிக்கும் பேதம் இல்லை.

ஆக நிலைமை இதுதான். கூட்டை உடைத்தால் ஜாதகம் வெளியே வரும், ஓரிக்கைப் பெண் உள்ளே வரும், அண்ணி வெளியே போவார். உடைக்காவிட்டால் அண்ணி இருப்பார். உடைக்கலாமா கூடாதா என்பது கட்டியது குளவியா இல்லையா என்பதைப் பொறுத்தது. ஒரு பூச்சிக்குப் பெயர் வைப்பதில் ஒரு பெண்ணின் குடித்தனமே தொங்கியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

"இது கொளவியே இல்ல," என்றார் அத்தை, வீங்கிய விரலைச் சாட்சியாக நீட்டி. "கொளவின்னா மஞ்சா மஞ்சாவா கோடு போட்டிருக்கும். இது நீலமா இல்ல இருந்துச்சு? இன்னாவோ காட்டு வண்டு. நோண்டி எடு."

"வண்டு மண்ணுல கட்டுமா, அக்கா?" என்றாள் அம்மா. அதோடு நிற்கவில்லை. குளவியைத் திட்ட ஆரம்பித்தாள். "கட்றதுக்கு வேற எடமா இல்ல இந்த ஊர்ல? என் புள்ளைக்கி ஒரு நல்லது நடக்கற நேரத்துலயா வந்து கட்டணும்? நாசமா போவ!"

எங்கள் ஊர் வாக்கெடுப்புக்குப் பேர் போன ஊர். கோயில் சுவரில் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமைக்குக் குறைவு வராதபடி தெருவே வந்து பார்த்து வாக்களித்தது. எதிர் வீட்டுக்காரர் கதண்டு என்றார். கதண்டு என்றால் பனை மரத்தில் கூடு கட்டுவது, பத்து கொட்டினால் ஆள் போய்விடும்.

"கதண்டுன்னா இந்நேரம் அந்தம்மா பாடையில இல்ல இருக்கணும்?" என்றாள் பால் ஊற்ற வந்தவள்.

"அது கொட்டுனது யார? மாகறல்காரம்மாவ. இந்நேரம் கதண்டுதான் பாடையில கீது," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. போதுமான அளவுக்குத் தாழ்த்தவில்லை.

அண்ணியை யாரும் கேட்கவில்லை. அவர் எல்லாருக்கும் காப்பி கொண்டு வந்து வைத்தார். அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன், கிடைக்கவில்லை. அந்த நாளுக்கான என் டைரியில் பூச்சியின் நீளம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, மண் உருண்டையின் விட்டம் அங்குலத்தில் இருக்கிறது. அண்ணி இல்லை.

முடிவு எட்டாத நிலையில், படித்தவன் என்ற முறையில் என் பக்கம் திரும்பினார்கள். காஞ்சிபுரம் நூலகத்தில் பூச்சிகளைப் பற்றி வெள்ளைக்காரர் எழுதிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. எனக்கு முன் அதைக் கடைசியாக எடுத்தவர் நான் பிறப்பதற்கு முன் எடுத்திருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் போய் உட்கார்ந்தேன். படங்கள் அருமையாக இருந்தன. ஒரே குறை, எல்லாம் கறுப்பு வெள்ளை. நீலப் பூச்சியைக் கறுப்பு வெள்ளைப் படத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? இடுப்பை வைத்துக் கண்டுபிடித்தேன். நூல் இடுப்புள்ள ஒன்று இருந்தது. மண்ணால் கூடு கட்டும், வீடுகளுக்குள் புழங்கும் என்று கீழே எழுதியிருந்தது. லத்தீன் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு, பேருந்து முழுக்க மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

கூடத்தில் அந்தப் பெயரை நான் சொன்னபோது ஒன்றிரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சமஸ்கிருதம் என்று நினைத்தார்களோ என்னவோ.

"அப்படின்னா?" என்றார் அத்தை.

"குளவிதான் அத்தை. மண்ணுல கட்றது."

"பாத்தீங்களா அக்கா, இங்கிலீஷ் புக்குலயே கீதாம்," என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கு அப்பவே தெரியும். பாழாப்போன கொளவி."

"இங்கிலீஷ்காரனுக்கு நம்மூரு கொளவியப் பத்தி இன்னா தெரியும்?" என்றார் அத்தை. ஆனால் குரல் இறங்கிவிட்டது. புத்தகத்தில் அச்சானதை எதிர்த்து எங்கள் குடும்பத்தில் யாரும் அதிக தூரம் போனதில்லை.

அத்தை அவ்வளவு சுலபமாக விடுகிறவர் அல்ல. இரண்டு நாள் கழித்து, பழைய ஜாதகம் எதற்கு, பிறந்த தேதியும் நேரமும் இருந்தால் ஜோசியரிடம் புதிதாகக் கணித்துக்கொள்ளலாமே என்றார். நேரம் அம்மாவுக்குத்தான் தெரியும்.

"நேரமா?" அம்மா மோட்டுவளையைப் பார்த்தாள். "பொயுது சாஞ்சிருந்துச்சா, இல்ல கோயி கூவுன நேரமா... ஒண்ணும் நெனவு இல்லக்கா. மயக்கமா இருந்தேன். அவுரு எய்தி வச்சது உள்ள கீது."

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தகவல் தொலைந்து போகிறது என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. அன்று தெருவில் யாருக்காவது நினைவிருக்கும், விசாரிக்கலாம், பழைய பஞ்சாங்கம் நூலகத்தில் இருக்கிறது, நட்சத்திரத்தை நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"நீ ஆபீசுக்கு போவல? பஸ்ஸு பூடும்," என்றாள் அம்மா.

அன்று ஞாயிற்றுக்கிழமை.

அதைச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் சட்டையை மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம்வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். ஏன் போனேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை. அம்மா பேஜாரில் இருக்கிறாள், கிழமை குழம்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். படித்தவர்களுக்கு எதையும் ஒரு காரணம் சொல்லி முடித்துவிட வருகிறது.

அதன் பிறகு காத்திருப்பு. குஞ்சு வளர்ந்து உருண்டையில் ஓட்டை போட்டு வெளியேறிவிட்டால் பிறகு உடைக்கலாம் என்று அத்தையே ஒரு வழி கண்டுபிடித்தார். அடிக்கடி வந்தார். இப்போது பை தரைக்கு வருவதற்கு முன்னால் அவர் பார்த்தது அண்ணியின் வயிற்றை அல்ல, பீரோவின் சாவித் துளையை. டார்ச் லைட் அடித்துப் பார்ப்பார். ஓட்டை விழவில்லை. கார்த்திகையில் விழவில்லை, மார்கழியில் விழவில்லை. "குளிருக்குத் தூங்குதோ என்னமோ" என்பாள் அம்மா. தையில் ஓரிக்கைக்காரர்கள் பெண்ணை வாலாஜாபாத் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். "அந்தப் பொண்ணுக்குக் குடுத்து வைக்கல," என்று அத்தை அதை முடித்து வைத்தார். அடுத்த வருஷம் இன்னொரு இடம் பற்றிப் பேச்செடுத்தார். அதற்குள் அவருக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. பேருந்துப் படி ஏற முடியவில்லை. பேச்சும் அத்தோடு நின்றது.

பட்டுப்புடவை உள்ளே மாட்டிக்கொண்டதால் அம்மா ஊரிலுள்ள கல்யாணங்களுக்கெல்லாம் நூல் புடவையோடு போனாள். யாராவது கேட்டால் ஆரம்பித்துவிடுவாள். "என் பொடவை உள்ள கீது, இந்தக் கொளவி கெளம்பித் தொலைய மாட்டேங்குது." அத்தை காலமாகிக் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள், நான் அலுவலகத்திலிருந்து வருவதற்குள், கொண்டை ஊசியால் நோண்டிப் பீரோவைத் திறந்து வைத்திருந்தாள். எனக்கு ஒரே ஏமாற்றம். கூட்டின் உட்புறத்தை அளந்து குறிக்க நினைத்திருந்தேன்.

"உள்ள இன்னா இருந்துச்சும்மா?"

"மண்ணு," என்றாள்.

அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை பிறக்கவில்லை. குளவி சொன்னது பொய்யாகிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில் யாரும் குளவியை நினைக்கவில்லை, அண்ணியையும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது. பிறகு அண்ணன் செங்கல்பட்டில் வேலை கிடைத்துக் குடிபோனான். அம்மாவும் அவர்களோடு போனாள். கடைசிவரை அங்கேதான் இருந்தாள். அம்மா போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

இவ்வளவும் பிடரிச் சுண்ணாம்பு காய்வதற்குள் நினைத்தவை. மறுநாள் அந்த விலங்கியல் பெண்ணின் குரல் வந்தது.

"அங்கிள், பயப்படாதீங்க. இது ஒரு வகை நீலக் குளவி. நம்ம பக்கத்துல இருக்கறதுதான், கண்ணுல படறது கம்மி. சிலந்தியப் புடிக்கும். துண்டுல மாட்டி நசுங்கினதாலதான் உங்களைக் கொட்டியிருக்கு, இல்லாட்டி சும்மா கொட்டாது. இதுக்கு ஒரு வேடிக்கையான குணம் உண்டு. இது சொந்தமா மண்ணுல உருண்டை உருட்டிக் கூடு கட்டாது. ஏற்கெனவே இருக்கற ஓட்டைக்குள்ள முட்டை வெச்சிட்டு, வாயை மூடி, மேல பறவை எச்சத்தை வெச்சு வெள்ளையா பூசிடும். சில வாரத்துல குஞ்சு பெரிசாகி ஓட்டை போட்டுட்டுப் பறந்துடும்."

மூன்று முறை கேட்டேன். எங்கள் பீரோவில் இருந்தது வெள்ளைப் பூச்சு அல்ல, வெறும் களிமண். துளைக்குள் இல்லை, துளைக்கு மேல் உருண்டையாக இருந்தது. வருஷக்கணக்கில் ஓட்டையும் விழவில்லை. ஆகவே நான் நூலகத்தில் கண்டுபிடித்த பெயர் தவறு. கறுப்பு வெள்ளைப் படம் செய்த வேலை. இத்தனை காலம் கழித்து ஒரு பிழை திருத்தப்பட்டுவிட்டது என்ற மகிழ்ச்சியில், திருத்தத்தைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பதுதானே முறை என்று செங்கல்பட்டுக்குப் போன் போட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"அண்ணி, நம்ம பீரோவுல கட்டுன குளவி ஞாபகம் இருக்குதா? அன்னிக்கி நான் சொன்ன பேரு தப்பு. அந்த நீலப் பூச்சி மண்ணுல உருண்ட கட்டவே கட்டாதாம். அப்ப வேற ஏதோ பூச்சிதான் வந்து..."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. அண்ணி சிரித்தால் இருமலில் போய் முடியும். இருமல் அடங்கும்வரை காத்திருந்தேன்.

"இப்பத்தான் கண்டுபுடிச்சியா, தம்பி? அது பூச்சி கட்டுனதே இல்ல."

"அப்ப... நீங்களா?"

"நானா? எனக்கு எங்க அவ்ளோ தைரியம்? உங்கம்மா."

அன்று விடிகாலை அண்ணி வாசல் தெளிக்கச் சாணி கரைக்கப் பின்பக்கம் போனாராம். கிணற்றடியில் அம்மா உட்கார்ந்து நகக்கண்ணில் இருந்த களிமண்ணைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாளாம்.

"நான் பாக்கறத அவங்க பாத்துட்டாங்க. 'இன்னாடி பாக்குற? போயி அடுப்பப் பத்த வை' அப்படின்னாங்க. நான் அடுப்ப பத்த வச்சிக்கினு கீறேன், கூடத்துல 'ஐயோ கொளவி'ன்னு கத்தறாங்க. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. போயி பாத்தா உருண்ட. நல்லா அயகா, மூக்குத்தி வச்ச மாதிரி ஒட்டி வச்சிருந்தாங்க."

"அத்தைக்குப் பயந்துக்கினா?"

"பயம் இல்லாம? வயலு அவங்க கையில இல்ல இருந்துச்சு? வாயத் தொறந்து வேணாம்னு சொல்லியிருந்தா அடுத்த போகத்துக்கு நெல்லு வந்திருக்குமா? அதான் கொளவி தலையில போட்டாங்க. நீ வேற இங்கிலீஷ் புக்கு பாத்துட்டு வந்து சாட்சி சொன்ன. அன்னிக்கி ராவெல்லாம் எனக்கு சிரிப்பு."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"உங்கிட்டயா? நீதான் எல்லாத்தியும் தேதி போட்டு எய்தி வச்சிக்கிறவனாச்சே. எய்திட்டு கூடத்துல வச்சிட்டு போவ. மாகறல்காரம்மா எய்த்து கூட்டிப் படிப்பாங்க, தெரியும் இல்ல?"

ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் அப்படி வைத்துவிட்டுப் போகிறவன்தான்.

"நீங்களும் அம்மாவுமாவது அதப் பத்திப் பேசிக்கினீங்களா?"

"எதுக்குப் பேசணும்? அவங்க கொளவியத் திட்டுவாங்க. நானும் கூட சேந்து திட்டுவேன். அவ்ளோதான். சாவற வரைக்கும் அப்படித்தான்."

பின்னால் குக்கர் விசில் அடித்தது. அண்ணன் ஏதோ கேட்டான், அண்ணி "போன்ல தம்பி" என்றார். நான் வைத்திருக்கலாம். ஆனால் ஒன்று கேட்காமல் முடியவில்லை.

"அம்மா உங்கள ஒரு நாள்கூட ஒரு நல்ல வார்த்த சொல்லி நான் கேட்டதில்லயே, அண்ணி. வந்த நாள்லேர்ந்து திட்டிக்கினேதான இருந்தாங்க? அப்படி இருக்கும்போது ஏன்...?"

"திட்றதுக்கு நான் வோணும் இல்ல?" என்றார் அண்ணி, இதுகூடத் தெரியாதா என்ற குரலில். "புதுசா ஒருத்திய இஸ்துக்கினு வந்து, அவளத் திட்டிப் பயக்கறதுக்கு எத்தினி வருஷம் ஆவும்?"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. இருமலும் வரவில்லை.

"இப்ப சோறு கொயஞ்சாலும் சரி, கொயம்புல உப்பே போடலன்னாலும் சரி, உங்கண்ணன் வாயத் தொறக்காம துன்னுட்டு எய்ந்து போறாரு. இந்த வூட்ல என்னத் திட்றதுக்குத்தான் ஆளே இல்ல, தம்பி."